எட்டுமணியின் ஒரே சீசன்

குரோம்பேட்டை வழியாகப் போன மின்சார ரயில்கள் அந்தக் காலத்தில் எட்டுமணி என்ற மனிதரைப் பார்த்துத்தான் தங்கள் நேரத்தைச் சரிசெய்துகொண்டன என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. நம்ப வேண்டாம். ஆனால் லெவல் கிராசிங் ஓரத்துப் பெட்டிக்கடைக்காரர், காலையில் அந்த மனிதர் தண்டவாளத்தைத் தாண்டிய பிறகுதான் தன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். இதை நானே பார்த்திருக்கிறேன். "ரேடியோவுல மணி சொல்றாங்களே, அதைப் பார்த்து வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "ரேடியோக்காரன் லீவு போட்டுட்டா?" என்றார் கடைக்காரர்.

எட்டுமணி என்பது பட்டப்பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளப் பட்டியலில் தவிர வேறெங்கும் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த பம்பு கம்பெனியில் அவர் டைம் ஆபீஸ் சூப்பர்வைசர். டைம் ஆபீஸ் என்றால் கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. தொழிலாளிகள் வருவதையும் போவதையும் அட்டையில் பஞ்ச் செய்கிற இடம். காலை எட்டுக்குச் சங்கு ஊதும். ஊதிய மூச்சு அடங்குவதற்குள் எட்டுமணி கேட்டின் சின்னக் கதவைச் சாத்திவிடுவார். உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று நின்றவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதற்கு அவரிடம் தனி விதி இருந்தது. எந்தக் காலில் உடம்பின் பாரம் இருக்கிறதோ அந்தப் பக்கம்.

ஒரு மழை நாளில் அஸ்தினாபுரத்தில் அவர் சைக்கிள் பஞ்சராகி, எட்டு மணி மூன்று நிமிடத்துக்கு கம்பெனி வாசலுக்கு வந்தார். வாட்ச்மேன் ஓடிவந்து கதவைத் திறந்தான். எட்டுமணி உள்ளே வரவில்லை. வெளியில் நின்றபடியே தன் அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, அதில் அரை நாள் லீவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மத்தியானம் சரியான நேரத்துக்கு வந்தார்.

அவர் பெண் கல்யாணத்துக்குப் போனவர்கள் சொல்லும் கதை இதைவிடப் பெரிது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல்கள் எழுந்தன. எட்டுமணி கையை உயர்த்தினார். "முகூர்த்தம் ஏழரைக்கு. இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கு." அந்த ஒன்றரை நிமிஷமும் மாப்பிள்ளை தாலியை நீட்டியபடி நின்றார். நாதஸ்வரக்காரர் மூச்சைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தார். அவருக்குக் கண் இரண்டும் வெளியே வந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவர் எங்கள் பாஸ்கட்பால் டீமுக்கு மேனேஜராக வந்தார்.

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தைச் சுற்றியிருந்த ஆறு கம்பெனிகள் சேர்ந்து தங்களுக்குள் ஒரு பாஸ்கட்பால் லீக் ஆரம்பித்தன. எங்கள் முதலாளிக்குப் பந்தாட்டத்தில் பிரியம் ஒன்றும் கிடையாது. பக்கத்துக் கம்பெனியில் டீம் இருக்கிறது, தன்னிடம் இல்லை என்பதுதான் அவருக்கு வருத்தம். ஆகவே எட்டு பேரைச் சேர்த்தார். இரண்டு பேர் ஏற்கெனவே கம்பெனியில் இருந்தவர்கள். மற்ற ஆறு பேர், நான் உட்பட, பந்தாடத் தெரியும் என்பதற்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். காலையில் ஆபீஸ், மூன்று மணிக்கு மேல் பிராக்டீஸ். நான் பி.காம். டைப்ரைட்டிங்கும் தெரியும் என்பதால் டெஸ்பாட்ச் செக்ஷனில் உட்கார வைத்தார்கள். வீட்டில் பாஸ்கட்பாலால் வேலை கிடைத்தது என்று சொன்னபோது அப்பா இரண்டு நாள் நம்பவில்லை.

பெர்சனல் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு நிபந்தனையைச் சொன்னார். "முதலாளி ஒரு சீசன் பார்ப்பார். கடைசி இடம் வந்தா டீமைக் கலைச்சிடுவார். ஆறு பேருக்கும் இது புரொபேஷன் பீரியட். டீமே இல்லைன்னா, அப்புறம் கன்ஃபர்ம் பண்றதுக்கு என்ன இருக்கு?"

எங்கள் கேப்டன் செல்வம் பம்மல்காரன். ஆறடி மூன்று அங்குலம். வெளியே வந்ததும், "ஆறு டீம்ல அஞ்சாவது வந்தா போதுமாம் மச்சான். நாம இன்னா அவ்ளோ மோசமாவா கீறோம்?" என்றான். அவ்வளவு மோசமாகத்தான் இருந்தோம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

சனி, ஞாயிறு சாயங்காலத்தை விட்டுக்கொடுக்க வேறு அதிகாரி யாரும் முன்வராததால் எட்டுமணியை மேனேஜராகப் போட்டார்கள். ஆட்டக்காரர்கள் எத்தனை மணிக்கு வெளியே போனார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்பதை அவர்தானே எழுத வேண்டும். கூடவே போய்விட்டால் வேலை சுலபம் என்று நிர்வாகம் நினைத்தது.

முதல் நாள் மைதானத்துக்கு வந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா, கையில் ஒரு நீளமான ரிஜிஸ்டர். கோர்ட்டை ஒருமுறை சுற்றி நடந்தார்.

"ரெண்டு ரிங் இருக்கே, இதுல நம்மளுது எது?"

"ஹாஃப் டைம் வரைக்கும் அது சார். அப்புறம் மாறிடும்."

"யார் ஆர்டர்ல மாறுது?"

"ரூலே அதான் சார்."

"அப்ப நோட்டீஸ் போர்டுல முன்கூட்டியே போடணும். இல்லாட்டா யாராவது தப்பு ரிங்குல போட்டுடுவீங்க."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் எட்டு பேரில் ஒருவனான மூர்த்தி தப்பு ரிங்கில் போட்டான். நோட்டீஸ் போட்டிருக்கத்தான் வேண்டும்.

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கம்பெனி டோக்கன் நம்பர்தான். நான் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. பனியனில் நான்கு முதல் பதினைந்து வரைதான் எண் போடலாம் என்றபோது அவருக்கு மனம் ஒப்பவில்லை. "ஒரு ஆளுக்கு ரெண்டு நம்பர் இருந்தா ரெக்கார்டு கெட்டுப்போயிடும்" என்று லீக் செயலாளரிடம் போய் வாதாடினார். டோக்கன் நம்பரையே முதுகில் போட அனுமதி கேட்டார். செயலாளர் பொறுமையானவர். "சார், ஃபவுல் பண்ணினா ரெஃப்ரி விரலாலதான் நம்பர் காட்டணும். ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டை அவர் காட்டி முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஆட்டம் ஆரம்பிச்சிடும்" என்றார்.

ஆள் மாற்றுவது இன்னொரு தலைவலி. ஒருவன் வெளியே வந்து இன்னொருவன் உள்ளே போகவேண்டும் என்றால், வந்தவன் ரிஜிஸ்டரில் 'பொறுப்பு ஒப்படைத்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். போகிறவன் 'ஏற்றுக்கொண்டேன்' என்று போட வேண்டும். முதல் ஆட்டத்தில் ரெஃப்ரி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூர்த்தி வியர்வை சொட்டச் சொட்ட பேனாவை உதறிக்கொண்டிருந்தான்.

"எழுத மாட்டேங்குது சார்."

"வேற பேனா இருக்கு, பதறாத."

ரெஃப்ரி எங்களுக்கு ஒரு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார். ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக. தாமதம் என்ற சொல் தன் மேல் சுமத்தப்பட்டதை எட்டுமணியால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. முகம் செத்துவிட்டது. அன்றோடு அந்த வழக்கத்தை நிறுத்தினார்.

அந்த முதல் ஆட்டம் பல்லாவரம் தோல் கம்பெனியோடு. முப்பது பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றோம். நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் எட்டுமணி வேறு உலகத்தில் இருந்தார்.

"நான் ஒண்ணு கவனிச்சேன்" என்றார். "ஒரு பாதிக்கு இருபது நிமிஷம்னு சொன்னாங்க. ஆனா முப்பத்தெட்டு நிமிஷம் ஆச்சு."

"பந்து வெளியே போனாலோ, ஃபவுல் ஆனாலோ கடிகாரத்தை நிறுத்திடுவாங்க சார். ஆடற நேரம் மட்டும்தான் கணக்கு."

அவர் ரிஜிஸ்டரை மூடினார். பிறகு, "நிறுத்திடுவாங்களா?" என்றார். "இருபத்திரண்டு வருஷமா நானும் பார்க்கறேன், மெஷின் நின்னாலும் நம்ம பாக்டரில மணி ஓடிக்கிட்டேதான் இருக்கு. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சவன் யாரோ, யோக்கியன்."

அன்றைக்குத்தான் எட்டுமணிக்குப் பாஸ்கட்பால் பிடித்தது. விதிப் புத்தகம் ஒன்று வாங்கினார். அதில் நேரம் சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டும் படித்தார். பந்து வைத்திருக்கும் அணிக்காரன் எதிரி ரிங்குக்குக் கீழே மூன்று செகண்டுக்கு மேல் நிற்கக் கூடாது. பத்து செகண்டுக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். முப்பது செகண்டுக்குள் ரிங்கை நோக்கி எறிய வேண்டும். பந்தை எப்படிப் பிடிப்பது, எப்படி எறிவது என்பதெல்லாம் அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் செகண்டு விஷயத்தில் மாவட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சொந்தச் செலவில் இரண்டு ஸ்டாப்வாட்ச் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு எதற்கு என்று கேட்டதற்கு, "ஒண்ணு தப்பா ஓடினா இன்னொண்ணு காட்டிக் கொடுக்கும்" என்றார்.

ரெஃப்ரிகளுக்கு அவர் ஒரு பேஜார் ஆனார். "மூணு செகண்டு! மூணே கால்! மூணரை!" என்று பெஞ்சிலிருந்து கத்துவார். ஒரு ரெஃப்ரி ஓடிவந்து கும்பிட்டார். "சார், நாங்க மனசுல எண்ணறோம் சார்." எட்டுமணி அவரைப் பரிதாபமாகப் பார்த்து, ஒரு ஸ்டாப்வாட்சைக் கழற்றி நீட்டினார்.

இந்தப் பைத்தியத்தால் எங்களுக்கு ஒரு வெற்றியும் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நான்காவது ஆட்டத்தில் ஹாஃப் டைமில் வந்து சொன்னார்: "அந்த டீம் பந்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுவர ஒவ்வொரு தடவையும் எட்டு செகண்டு, எட்டரை செகண்டு எடுத்துக்கறாங்க. நிதானமானவங்க. நீங்க நடுவில போய் ரெண்டு செகண்டு லேட் பண்ணிவிட்டாப் போதும்."

செல்வம் எங்களைப் பார்த்தான். பிறகு, "பெருசு சொல்றதுல மேட்டர் கீதுடா" என்றான். ஐந்து பேரும் முன்னால் ஓடிப்போய் மறித்தோம். பத்து செகண்டு விதியில் அவர்கள் பந்தை ஆறேழு முறை பறிகொடுத்தார்கள். எங்கள் முதல் வெற்றி. எட்டுமணி துள்ளவில்லை, கைதட்டவில்லை. ரிஜிஸ்டரில் ஆட்டம் முடிந்த நேரத்தை எழுதினார். ஆனால் அன்று திரும்பும் வழியில் எல்லோருக்கும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

அதன்பின் இன்னும் இரண்டில் ஜெயித்தோம். ஐந்தாவது இடம் உறுதி என்று நினைக்க ஆரம்பித்தபோதுதான் மறைமலை நகர் ஆட்டம் வந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான்கு மணிக்கு ஆட்டம். தாம்பரம் கிழக்கில் ஸ்டேஷன் வாசலிலிருந்து கம்பெனி வேன் இரண்டு மணிக்குப் புறப்படும் என்று எட்டுமணி அறிவித்திருந்தார். எட்டு பேரில் ஆறு பேர் வேனில் உட்கார்ந்திருந்தோம். செல்வமும் மூர்த்தியும் வரவில்லை. எட்டுமணி வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"டிரைவர், எடுங்க."

"சார், அதோ வர்றாங்க சார்!" என்றேன். உண்மையில் வந்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து குதித்து, ஆட்டோக்களுக்கு நடுவே இரண்டு பனைமரங்கள் ஓடி வருவதுபோல ஓடி வந்துகொண்டிருந்தார்கள். நூறு அடிகூட இருக்காது.

"ரெண்டாயிடுச்சு."

"சார், கேப்டன் சார் அவன்!"

"கேட்ல தொழிலாளிக்கு ஒரு ரூல், பந்தாடறவனுக்கு ஒரு ரூலா? எடுப்பா வண்டியை."

வேன் புறப்பட்டது. செல்வம் பெருங்களத்தூர் வரை துரத்தி வந்தான் என்று நாங்கள் பிற்பாடு கதை கட்டினோம். உண்மையில் ரயில்வே பாலம் வரைதான் வந்தான். பின்கண்ணாடி வழியாக அவன் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறான் என்பது கேட்காமலே புரிந்தது.

ஆறு பேரோடு ஆடினோம். இரண்டாவது பாதியில் இரண்டு பேர் ஆளுக்கு ஐந்து ஃபவுல் ஆகி வெளியேறினார்கள். கடைசி ஆறு நிமிடம் நான்கு பேர். ஏற்கெனவே எங்களிடம் தோற்றிருந்த டீம் அது. அவர்களிடம் மூன்று பாயின்டில் தோற்றோம். செல்வமும் மூர்த்தியும் லாரி பிடித்து வந்து சேர்ந்தபோது நாங்கள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் எட்டு பேரும் கூடினோம். இந்த மனிதரை மாற்றச் சொல்லி நிர்வாகத்துக்கு மனு எழுதுவது என்று முடிவாயிற்று. எழுதியது நான்தான். பி.காம். படித்ததன் முழுத் திறமையையும் அதில் காட்டினேன். 'விளையாட்டின் அரிச்சுவடியும் அறியாதவர்', 'மனிதர்களைவிடக் கடிகாரத்தை நேசிப்பவர்' என்றெல்லாம் எழுதினேன். எட்டு கையெழுத்து.

ஆனால் கம்பெனியில் எந்தக் கடிதமானாலும் டைம் ஆபீஸ் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே முத்திரை குத்தி நேரம் எழுதினால்தான் செல்லும். இது எங்களுக்குத் தெரியும். எட்டுமணி டீ குடிக்கப் போகும் நேரத்தில் அவருடைய உதவியாளரிடம் கொடுத்துவிடலாம் என்று திட்டம். எட்டுமணி அன்று டீ குடிக்கப் போகவில்லை.

கையை நீட்டி மனுவை வாங்கினார். பிரித்துப் படித்தார். இரண்டு பக்கத்தையும் படித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முத்திரை குத்தினார். வாட்சைப் பார்த்து 'காலை 9.42' என்று எழுதினார்.

"ரெண்டாவது பக்கத்துல தேதி போடலை" என்றார். "போட்டுக் குடு. தேதி இல்லாட்டா செல்லாதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

போட்டுக் கொடுத்தேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதைவிடக் கேவலமாக நான் எங்கேயும் தேதி போட்டதில்லை. அந்த மனு பெர்சனல் மேனேஜர் மேஜைக்குப் போய், மற்ற மனுக்களைப்போலத் தூங்கியது.

கடைசி ஆட்டம் மறுபடியும் பல்லாவரம் தோல் கம்பெனியோடு, எங்கள் சொந்த கோர்ட்டில். எங்களுக்கு மூன்று வெற்றி, அவர்களுக்கு இரண்டு. ஜெயித்தால் நாங்கள் ஐந்தாவது, அவர்கள் ஆறாவது. தோற்றால் இருவரும் சமம். ஆனால் எங்களை இரண்டு முறையும் தோற்கடித்தவர்கள் என்பதால் அவர்கள் ஐந்தாவது, நாங்கள் கடைசி. ஆறு பேரின் வேலை அந்த ஒரு ஆட்டத்தில் இருந்தது. மூர்த்திக்கு அடுத்த மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டாரிடம் 'கம்பெனி உத்தியோகம்' என்று சொல்லியிருந்தார்கள்.

சித்திரை வெயிலில் சிமென்ட் தரை ஷூவைத் தாண்டிச் சுட்டது. முதல் ஷிப்ட் ஆட்கள் முழுக்க வந்து கோர்ட்டைச் சுற்றி நின்றார்கள். ஆட்டம் எந்தக் கம்பெனி கோர்ட்டில் நடக்கிறதோ அந்தக் கம்பெனிதான் நேரம் பார்க்க ஆள் கொடுக்க வேண்டும் என்பது லீக் ஏற்பாடு. வேறு யாரைக் கொடுப்பது? மேஜைக்குப் பின்னால் எட்டுமணி உட்கார்ந்தார், இரண்டு வாட்சுடன். பக்கத்தில் மணியடிக்க, காண்டீனிலிருந்து தண்டவாளத் துண்டைக் கழற்றி வந்து ஒரு கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள்.

நாங்கள் அந்த சீசனில் ஆடியதிலேயே நல்ல ஆட்டம் அதுதான். செல்வம் பேய் பிடித்தவன்போல ஆடினான். கடைசி நிமிடத்தில் ஒரு பாயின்ட் பின்னால் இருந்தோம். பந்து எங்களிடம் வந்தது. செல்வத்தை மூன்று பேர் மறித்தார்கள். அவன் என்னிடம் தள்ளினான். "போடு பாலு!" நான் பந்தைப் பிடித்தேன். அதே நேரம் மைதானச் சுவருக்கு அப்பால் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் நீளமாக ஊதிக்கொண்டு போனது. நான் எறிந்தேன். பந்து வளையத்தில் ஒரு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது.

ரெஃப்ரி இரண்டு விரலைக் கீழே மடக்கினார். செல்லும். என்னைத் தூக்கிவிட்டார்கள். யாரோ என் முகத்தில் சோடாவை ஊற்றினார்கள். மூர்த்தி தரையில் உட்கார்ந்து அழுதான். தோளில் உயரத்திலிருந்த எனக்குத்தான் முதலில் தெரிந்தது, மேஜைக்குப் பின்னால் எட்டுமணி எழுந்து நின்று, ஒரு கையை மேலே தூக்கியிருந்தது.

சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. ரெஃப்ரி மேஜைக்குப் போனார்.

"என்ன சார்?"

"டைம் முடிஞ்சிடுச்சு. நான் மணி அடிச்சேன். ரயில் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை."

"நீங்க அடிக்கும்போது பந்து எங்க இருந்தது சார்?"

"கையில."

"யார் கையில?"

"எங்க ஆள் கையில." என்னைப் பார்த்தார். "ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

தோல் கம்பெனிக்காரர்கள்கூட நம்பாமல் பார்த்தார்கள். மணி கேட்காதபோது நேரம் பார்ப்பவர் சொல்வதுதான் முடிவு. ரெஃப்ரி கையை ஆட்டி பாஸ்கட்டை ரத்து செய்தார். என்னைத் தூக்கியவர்கள் இறக்கிவிட்டார்கள். தூக்கியபோது இருந்த கவனம் இறக்கும்போது இல்லை.

செல்வம் மேஜைக்கு முன் போய் நின்றான். "இன்னா சார் நீ? ஆறு பேர் பொயப்பு சார். ஒரு செகண்டுக்காவ இப்படிப் பண்ட்டியே!"

"ஒரு செகண்டு இல்ல" என்றார் எட்டுமணி. "அரை செகண்டு."

செல்வம் ஓங்கிய கையை மடக்கிக்கொண்டு நடந்துவிட்டான். எட்டுமணி இரண்டு வாட்சையும் மேஜைமேல் வைத்து, ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டும் ஒரே நேரத்தைத்தான் காட்டியிருக்க வேண்டும். காட்டாமல் போயிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பதினொரு மணி இருக்கும். டெஸ்பாட்ச் செக்ஷனில் என் மேஜைக்கு முன்னால் எட்டுமணி வந்து நின்றார். டைம் ஆபீஸை விட்டு வேலை நேரத்தில் அவர் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. செக்ஷன் முழுக்க எழுந்து நின்றது.

"ஒரு லெட்டர் டைப் அடிக்கணும்" என்று கையால் எழுதிய காகிதத்தை வைத்தார்.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை மெஷினில் மாட்டினேன். முதலாளிக்கு எழுதப்பட்ட கடிதம். இரண்டு வரி அடித்ததும் என் விரல் நின்றது. அதில் எழுதியிருந்தது இதுதான்: மறைமலை நகர் ஆட்டத்தில் இரண்டு முக்கிய ஆட்டக்காரர்களை ஒரு நிமிடத்துக்கும் குறைவான தாமதத்துக்காக விட்டுச் சென்றது மேனேஜராகிய என் முடிவு. அந்த ஆட்டத்தில் தோற்றது அதனால்தான். அதை ஜெயித்திருந்தால் டீம் நான்கு வெற்றியுடன் ஐந்தாவது இடத்தில் இருந்திருக்கும். கடைசி ஆட்டத்தின் முடிவு எதையும் மாற்றியிருக்காது. ஆகவே கடைசி இடத்துக்குப் பொறுப்பு ஆட்டக்காரர்கள் அல்ல. நீக்குவதானால் மேனேஜரை நீக்கவும், டீமை அல்ல.

"சார்..."

"ஸ்பெல்லிங் மட்டும் பாரு. கருத்து சொல்லாத."

கீழே 'இணைப்பு' என்று எழுதியிருந்தார். இணைப்பு: ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரும் கையெழுத்திட்ட புகார் மனு, பெறப்பட்ட நேரம் காலை 9.42.

"சார், அந்த மனு வேணாம் சார். அது நான் கோவத்துல எழுதினது."

"அதான் ஸ்ட்ராங்கான டாக்குமென்ட்" என்றார். "நானே என்மேல தப்புன்னு சொன்னா பெருந்தன்மைன்னு நினைப்பாங்க. நீங்க அப்பவே எழுதிக் குடுத்திருக்கீங்க. முத்திரை இருக்கு, தேதி இருக்கு. மறுக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "நல்லாவும் எழுதியிருக்கே. கடிகாரத்தை நேசிப்பவர்னு. வீட்டுலயும் அதையேதான் சொல்றாங்க" என்றார்.

எனக்கு மெஷினின் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரே பக்கக் கடிதத்தை மூன்று காகிதம் பாழாக்கி அடித்தேன். அவர் பொறுமையாக நின்றிருந்தார். கையெழுத்துப் போட்டு, டைம் ஆபீஸ் ரிஜிஸ்டரில் தான் வெளியே போகும் நேரத்தைக் குறித்துவிட்டு, மாடிப்படி ஏறி முதலாளி அறைக்குப் போனார். திரும்பி வரும்போதும் நேரத்தைக் குறித்தார். ஐம்பத்தொரு நிமிடம் உள்ளே இருந்திருக்கிறார். அங்கே என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை உத்தரவு வந்தது. டீமுக்கு இன்னொரு சீசன். ஆறு பேரின் புரொபேஷனும் தொடரும். மேனேஜர் மாற்றம். எட்டுமணிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவருடைய இருபத்திரண்டு வருட சர்வீஸில் முதலாவது. அந்தக் கடிதமும் டைம் ஆபீஸ் வழியாகத்தான் வந்தது. அவரே முத்திரை குத்தி, நேரம் எழுதி, தனக்குத்தானே கொடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்.

எட்டு பேரும் டைம் ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். கடைசியில் செல்வம்தான், "நாங்க மாடிக்குப் போயி சொல்றோம் சார். எங்களுக்கு நீதான் மேனேஜரா வோணும்" என்றான்.

எட்டுமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "லஞ்ச் முடிய நாலு நிமிஷம் இருக்கு. கை கழுவிட்டு சீட்டுக்குப் போங்க. மூணு மணிக்கு பிராக்டீஸ் இருக்கு இல்ல?"

நாங்கள் மாடிக்குப் போகத்தான் செய்தோம். பெர்சனல் மேனேஜர் எங்களை வினோதமாகப் பார்த்தார். "மாத்தணும்னு எழுதிக் குடுத்ததும் நீங்க. மாத்தாதேன்னு வர்றதும் நீங்க. உங்களுக்கு என்னதான்யா வேணும்?"

புது மேனேஜர் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். பந்தைச் சுழற்றத் தெரிந்தவர், ஐந்து நிமிடம் தாமதமானால் சிரித்துக்கொண்டே காத்திருப்பவர். அடுத்த சீசனில் இரண்டாவது இடம் வந்தோம். ஆறு பேரும் நிரந்தரமானோம். மூர்த்தி கல்யாணம் அதற்கு முன்பே, நிச்சயித்த மாதத்திலேயே நடந்திருந்தது. முகூர்த்தத்துக்குச் சற்று முன்னாலேயே தாலி கட்டிவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு முதல் வரிசையில் எட்டுமணி உட்கார்ந்திருந்த வேதனை தனிக் கதை.

அந்த இரண்டாவது சீசனில் கிடைத்த வெள்ளிக் கோப்பை முதலாளி அறை அலமாரியில் பல வருடம் இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டினோம். ஆனால் நாங்கள் எட்டு பேரும் எப்போதாவது ஒன்றாக உட்கார்ந்தால், நாங்கள் ஆறாவதாக வந்த சீசனைத்தான் பேசினோம். அதில்தான் அவர் இருந்தார்.